டல்சி அத்தை அடையாளம் காணாத ஆள்

எங்கள் கடலோர ஊரான கட்லர்ஸ் ஆர்மில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற ஒரே ஆள் டல்சி அத்தைதான். மற்ற வீடுகளில் யாரும் கதவைத் தட்டுவதுகூட இல்லை. தட்டினால் போலீஸ்காரரோ பாதிரியாரோ என்று உள்ளே இருப்பவர்கள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அத்தை வீட்டில் மட்டும் தட்ட வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், ஜன்னல் திரை விலகி ஒரு கண் பார்க்கும்வரை பனியில் நிற்க வேண்டும். நான் அவளுடைய தம்பி மகள். எனக்கும் அதே சட்டம்தான்.

பாலை முகர்ந்த பிறகே தேநீரில் ஊற்றுவாள். ரொட்டிப் பையில் போட்டிருக்கும் தேதியை நம்பமாட்டாள், விரலால் அமுக்கிப் பார்ப்பாள். யாராவது போனில் நலம் விசாரித்தால், "நல்லாதான் இருக்கேன், உனக்கு என்ன வேணும்?" என்பாள். இளம் வயதில் ஒரு படகுக்காரர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாராம். இவன் ஏன் என்னைக் கேட்கிறான் என்று அத்தை ஒரு குளிர்காலம் முழுவதும் யோசித்தாள். கடலில் பனிக்கட்டி விலகியபோது அவர் வேலைக்கு ஒன்டாரியோ போயிருந்தார். "பாத்தியா, நிக்கலை. நான் சந்தேகப்பட்டது சரிதான்" என்று இன்றைக்கும் சொல்வாள்.

அவள் வேலை பார்க்கும் நண்டு ஆலையில் அவளுடைய சந்தேகத்துக்கு மரியாதை உண்டு. நண்டின் ஓட்டைத் தட்டிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று சொல்லிவிடுவாள். ஆகஸ்ட் மாதம் சதுப்பு நிலத்தில் தானாக விளையும் பேக்கப்பிள் பழம் பறிக்கப் போகும்போது அவள் போகிற வழியே தனி. இங்கே எல்லோருக்கும் சதுப்பில் சொந்தமாக ஓர் இடம் உண்டு, யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் அத்தை வாளியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, முதலில் தேவாலயத்துப் பக்கம் நடந்து, கல்லறையில் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் எங்கோ மறைவாள். திரும்பி வரும்போது வாளி நிறைந்திருக்கும். என் அப்பா லியாண்டர் இருபது வருடமாக அந்த இடத்தைத் தேடினார்.

இந்தச் சந்தேகமெல்லாம் ஊருக்கு வேடிக்கை. ஒரு சந்தேகம் மட்டும் வேடிக்கை இல்லை. அது எங்கள் குடும்பத்துச் சாவைப் பற்றியது.

தாத்தா ஏசா ஸ்டக்லெஸ் குடலில் புற்று வந்து நாற்பதுகளில் இறந்தார். மூத்த பெரியப்பா செஸ்லியும் அப்படியே. தாத்தாவின் தம்பி, அவருடைய மகன் எல்லோரும் அதே வயதில், அதே வயிற்று வலியோடு போனார்கள். ஊரில் இதற்கு "ஸ்டக்லெஸ் வயிறு" என்றே பெயர். சின்ன வயதிலிருந்தே அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். கடையில் யாராவது வயிற்றைப் பிடித்தால், "என்ன, நீயும் ஸ்டக்லெஸ் ஆயிட்டியா?" என்று சிரிப்பார்கள்.

அத்தை சந்தேகப்பட்டது கிணற்றை. தாத்தா வீட்டுக்கு மேலே, பழைய செம்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் அந்தக் கிணறு இருக்கிறது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அரசாங்கத்து ஆட்கள் வந்து சோதித்துவிட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்கள். "அவங்க குடிச்சாங்களா? குடிக்கலையே" என்றாள் அத்தை. செஸ்லி இறந்த வருடம் அவளே ஒரு பலகையில் கறுப்பு வண்ணத்தில் மண்டை ஓடு வரைந்து, "விஷம், கிட்டே வராதே" என்று எழுதிக் கிணற்றருகே அடித்து வைத்தாள். அன்றிலிருந்து நெடுஞ்சாலை ஓரத்து ஊற்றில் குடம் குடமாகப் பிடித்துவந்துதான் குடித்தாள். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்தப் பலகையை நம்பினார்கள். என் அப்பாவும்தான். கல்யாணம் ஆனதும் அவர் விரிகுடாவின் அடுத்த கரைக்கு வந்துவிட்டார். இங்கே குழாய்த் தண்ணீர்.

மீதிப் பாதிப் பேர் முகத்தை நம்பினார்கள். எங்கள் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே யார் ஜாடை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஸ்டக்லெஸ் ஜாடை என்றால் சிவப்பு முடி, நீண்ட தாடை, விரிந்த காது. இறந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஜாடைதான். அத்தைக்கும் அதே ஜாடை, அச்சு அசல். அப்பா மட்டும் பாட்டி வழியான பெல்லி குடும்பத்து ஜாடை: கறுப்பு முடி, குட்டை, அகலமான முதுகு, படகு ஆடுவதுபோல நடை. "நான் பெல்லிடா. பெல்லிக்காரன் தொண்ணூறு வரைக்கும் இருந்துட்டு, போரடிச்சுதான் சாவான்" என்பார்.

பிறகு எஃபி அத்தை இறந்தாள். டல்சிக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள். அவளுக்கு வந்தது கர்ப்பப்பையில். ஊர் உடனே, "இது வேற வியாதி, ஸ்டக்லெஸ் வயிறு இல்லை" என்று ஆறுதல் சொன்னது. மேலும் எஃபி பதினாறு வயதிலேயே ஊரைவிட்டுப் போய் நகரத்தில் வாழ்ந்தவள். கிணற்றுத் தண்ணீர் குடித்ததே கொஞ்ச காலம்தான். டல்சி அத்தை அடக்கம் முடிந்து வந்ததும் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எஃபி கிணத்தை விட்டு ஓடிப் போனா. அது எப்படி அவளைத் தேடிப் போச்சு?" என்றாள். முதல் முறையாக அவள் தன் சந்தேகத்தின்மேலேயே சந்தேகப்பட்டதை அன்று பார்த்தேன்.

மருத்துவமனைகளிலிருந்து பரம்பரை நோயைப் பற்றி விசாரிக்க முன்பு ஆட்கள் வந்தபோது அத்தை கதவைத் திறக்கவில்லை. "நம்ம ரத்தம் அவங்களுக்கு எதுக்கு? இங்கிருந்து மீன் போச்சு, மரம் போச்சு, இனி இதுதான் பாக்கி" என்றாள். இப்போது அவளே எங்கள் ஊர்ச் சிறு மருத்துவமனைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். பள்ளி முடிந்து வேலைக்காக ஆல்பர்ட்டா போகக் காத்துக்கொண்டிருந்த எனக்கு வேறு வேலையும் இல்லை.

அங்கே நர்ஸ் ஐரீன் பென்னி. ஒரு மத்தியானம் முழுவதும் அவர் கேள்வி கேட்டார். அம்மா வழி, அப்பா வழி, யார் இறந்தது, எந்த இடத்தில் புற்று, என்ன வயதில். அத்தை ஒவ்வொரு கேள்விக்கும், "இது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். ரத்தம் எடுத்த பிறகு குழாயில் ஒட்டிய பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நர்ஸ் படித்தார். "இன்னொரு தடவை" என்றாள். படித்தார்.

பல வாரங்கள் கழித்து முடிவு வந்தது. எங்கள் குடும்பத்தில் ஓடுகிற அந்த மரபணுப் பழுது எஃபியின் திசுவிலும் ரத்தத்திலும் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அத்தையிடம் அது இல்லை.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸை நண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"குழாயை மாத்திட்டீங்க."

"இல்ல டல்சி. நீங்கதானே ரெண்டு தடவை படிக்கச் சொன்னீங்க."

"என் தாடையைப் பாருங்க. என் அப்பா தாடை. செஸ்லி தாடை. எனக்கு இல்லைன்னா வேற யாருக்கு இருக்கும்? மறுபடி எடுங்க."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இல்லை. அப்போதுதான் நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். எங்கள் ஊரில் சீட்டு ஆடாத வீடு கிடையாது.

"கேளுங்க. நம்ம உடம்புல ஒரு செல் இன்னொரு செல்லை உண்டாக்கறப்ப, உள்ளே இருக்கற எழுத்தையெல்லாம் நகலெடுக்கும். எடுக்கறப்ப பிழை விழும். அந்தப் பிழையைத் திருத்தறதுக்குன்னே சில மரபணு இருக்கு. அதுல ஒண்ணு உங்க வீட்டுல பழுது. பிழை திருத்தாம சேர்ந்துக்கிட்டே போனா ஒரு நாள் புத்தா மாறும். குடல்லயும் மாறலாம், கர்ப்பப்பையிலயும் மாறலாம். எஃபிக்கு வந்தது வேற வியாதி இல்லை. அதே வேரு."

ரெண்டு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க அப்பா கையில இந்த மரபணு ஜோடியா இருந்துச்சு. ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுல ஏதாவது ஒண்ணைத்தான் கொடுக்க முடியும். செஸ்லிக்கும் எஃபிக்கும் பழுது போச்சு. உங்களுக்கு நல்லது வந்துச்சு."

"அப்ப என் முடி?"

"அது வேற சீட்டு. தாடை வேற சீட்டு. முகத்தைப் பார்த்து இந்தச் சீட்டைச் சொல்ல முடியாது."

அத்தை அந்த ரெண்டு சீட்டையும் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஏதாவது குறி இருக்கிறதா என்பதுபோல. "பழுது வந்தா சாவுதானா?"

"இல்ல. கடைசி வரைக்கும் புத்து வராதவங்களும் இருக்காங்க. ஆனா மத்தவங்களைவிட ரொம்ப அதிகமா வரும், இள வயசுலயே வரும். அதனாலதான் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு சொல்றோம். ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா வச்ச குழாய் விட்டுக் குடலைப் பார்த்தா, சின்ன முளையா இருக்கறப்பவே கிள்ளி எடுத்துடலாம்."

"லியாண்டருக்கு?"

"அவருக்குத் தனியாப் போட்ட சீட்டு. உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு பார்த்து அவருக்குப் போடலை."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார். "டல்சிக்கே இல்லையா? அப்ப எனக்கு எங்கிருந்து வரும்? அவ முழு ஸ்டக்லெஸ். நான் பெல்லி. அந்தக் கிணத்துப் பக்கம் போயே பல வருஷம் ஆச்சு" என்றார். அம்மாவின் தொல்லை தாங்காமல் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில், "ரிசல்ட் வந்துச்சு, ஒண்ணும் இல்லை, உப்புக் கறியைத் தள்ளு" என்றார். அம்மா நிம்மதியில் அழுதாள். எனக்கும் நிம்மதி. அவருக்கு இல்லை என்றால் எனக்கும் அவர் வழியாக வர வாய்ப்பில்லை.

டல்சி அத்தை மட்டும், "ஓ" என்று சொல்லி ரொட்டியை அமுக்கிப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி ஆறு வரை எங்கள் ஊரில் மம்மர்கள் வருவார்கள். திரைச்சீலையோ தலையணை உறையோ முகத்தில் போட்டுக்கொண்டு, ஆண்கள் பெண்களின் உடுப்பிலும் பெண்கள் ஆண்களின் மழைக்கோட்டிலும் வீடு வீடாக நுழைவார்கள். மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார்கள், குரல் தெரியக்கூடாதென்று. வீட்டுக்காரர்கள் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சரியாகச் சொன்னால் திரையைத் தூக்கிவிட்டு ஒரு கோப்பை ரம்மும் கேக்கும் வாங்கிக்கொள்வார்கள்.

இந்த விளையாட்டில் டல்சி அத்தையை யாரும் ஜெயித்ததில்லை. கதவைத் திறக்கிற நேரத்துக்குள்ளேயே காலைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவாள். எப்படி உட்காருகிறார்கள், கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள், இது போதும் அவளுக்கு. அப்பா ஒவ்வொரு வருடமும் வந்து தோற்பார். ஒரு வருடம் முழங்காலில் நடந்தே வந்தார். "லியாண்டர், தரையைத் தேய்க்காதே, இப்பதான் துடைச்சேன்" என்றாள்.

அந்த வருடம் ஒரு சாயங்காலம் நான் அத்தை வீட்டில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது. இழுத்த மூச்சில் ஒரு குரல், "மம்மருங்களை உள்ளே விடுவீங்களா?" என்றது. அத்தை ஜன்னலில் கண் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தாள். மூன்று பேர்.

"கஸ், உன் பூட்ஸைக் கழட்டு. ஜாய், உன் புருஷன் கோட்டு உனக்குப் பத்தலை" என்று பக்கத்து வீட்டுக்காரர்களான முதல் இருவரையும் நிற்கவைத்தே முடித்தாள். அவர்கள் திட்டிக்கொண்டே திரையைத் தூக்கினார்கள்.

மூன்றாவது ஆள் பூப்போட்ட ஃபிளானல் இரவு அங்கி போட்டிருந்தார், இடுப்பில் கயிறு, மார்பில் ரெண்டு கம்பளிப் பந்து, முகத்தில் லேஸ் திரை. அத்தை காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கையுறை இருந்தது.

"நட."

நடந்தார்.

"உட்காரு."

உட்கார்ந்தார். அத்தை கிட்டே போய்த் தோளில் குத்தினாள். மம்மரைக் குத்திப் பார்க்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. குத்திய விரலை உடனே எடுத்துக்கொண்டாள்.

"எலும்பு. இது யாரோ பள்ளிக்கூடத்துப் பையன். கஸ், உன் தங்கச்சி பையன்."

ஆள் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அடுத்த ஊர்ப் பையன். போஸ்ட் ஆபீஸ்காரி தம்பி."

இல்லை.

"வயசான ஆளு. பாதிரியார்."

கஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டல்சிக்குக் கண்ணு போச்சு. கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா."

எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்னும் சில பெயர்களைச் சொன்ன பிறகு அத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, "தெரியலை" என்றாள்.

அந்த ஆள் லேஸ் திரையைத் தூக்கினார். என் அப்பா.

"ஜெயிச்சிட்டேன்" என்று மேசையைத் தட்டினார். "ஊரெல்லாம் சொல்லு கஸ். டல்சி ஸ்டக்லெஸ் கூடப் பொறந்த தம்பியைத் தெரியலைன்னு சொன்னா."

எல்லோரும் சிரித்தோம். அத்தை ரம் ஊற்றினாள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. கம்பளிப் பந்தையும் கயிற்றையும் எடுத்த பிறகு அந்த அங்கிக்குள் அப்பா எவ்வளவு கொஞ்சமாக இருந்தார் என்று நானும் அப்போதுதான் பார்த்தேன். வீட்டில் அவர் எப்போதும் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டிருந்தார். தினமும் பார்க்கிறவர்களுக்கு மெலிவது தெரியாது.

மறுநாள் அத்தை எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"உங்க அப்பன் பெல்ட்டு எங்கே தொங்கும்?"

"கதவுக்குப் பின்னாடி. ஏன்?"

"போய்ப் பாரு. ஓட்டையெல்லாம் கடையில போட்டதான்னு பாரு."

பார்த்தேன். கடைசி ஓட்டைக்கு அப்பால் மூன்று ஓட்டை, ஆணியால் அடித்தது, ஓரம் பிய்ந்திருந்தது. அதை அத்தையிடம் சொன்னேன்.

"அப்ப அவனுக்கே தெரியும்" என்றாள்.

அவள் நர்ஸிடம் போய்க் கேட்டாள். அடுத்தவர் ரத்தத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நர்ஸ் மறுத்துவிட்டார். அதனால் அத்தை தன் வழியில் விசாரித்தாள். அப்பா விறகு வெட்டக் காட்டுக்குப் போன அன்று எங்களையும் பனி வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். முன்பெல்லாம் ஒரு மரத்தை ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளுகிறவர், அன்று ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தார். அத்தை தேநீர்க் குடுவையைத் திறந்தபடி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஐரீன் உனக்கு எந்தக் கையில ஊசி போட்டா?"

"இடது."

"எனக்கு ரொம்ப வலிச்சுது. உனக்கு?"

"ஒண்ணும் இல்லை. போனேன், குத்தினா, வந்தேன். அஞ்சு நிமிஷ வேலை."

"ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேப்பா? பேரு கேட்டா. என் பேரு அவளுக்குத் தெரியாதாக்கும்."

அத்தை குடுவையை மூடினாள். "பொய்யி. என்கிட்ட ஒரு மத்தியானம் பூரா செத்தவங்க பேரா கேட்டா. அவ யாரையும் அஞ்சு நிமிஷத்துல விடமாட்டா. நீ அந்தப் படியே ஏறலை."

அப்பா சங்கிலி ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"ஆமா. எத்தனை நாளா ரத்தம் போகுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பனியைப் பார்த்தார். "மீன் சீசன் முடிஞ்சதிலிருந்து" என்றார்.

"ஏண்டா சொல்லலை? மூலம்னு நினைச்சியா?"

"முதல்ல நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பெல்லின்னே இருந்தேன் டல்சி. கிணத்தை விட்டு வந்துட்டேன்னு இருந்தேன். உன் பலகை சொல்லிச்சு. அதுக்கப்புறம் இவ வந்து சீட்டுக் கதை சொன்னா. எனக்கு அந்தச் சீட்டு இருந்தா, இவளுக்கும் நான் போட்டிருப்பேன்ல? இவளுக்கும் இவ தம்பிக்கும். நான் பாக்காம இருந்தா, போடலைன்னு வச்சுக்கலாம்."

அப்பா என்னைப் பற்றி இப்படி யோசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஆல்பர்ட்டாவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை எழுந்து அவர் பக்கத்தில் மரக்கட்டையில் உட்கார்ந்தாள். "நீ பாக்காததால சீட்டு மாறாது. இவ கையில ஏற்கெனவே ஏதோ ஒண்ணு இருக்கு, பொறந்த அன்னிக்கே. அது எதுன்னு தெரியாம இவளை அவ்வளவு தூரம் அனுப்பப் போறியா?"

"பயமா இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு எல்லாத்துக்கும் பயம்தான், ஊரே சிரிக்குது. கூட வா." பிறகு, கடையில் பேரம் பேசுகிற குரலில், "நீ அந்தக் கேமராவுக்கும் ரத்தத்துக்கும் சரின்னு சொல்லு. ஆகஸ்ட்டுல என் பேக்கப்பிள் இடத்தைக் காட்டறேன்" என்றாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சத்தியமா?"

"சத்தியமா."

"நான் சாகப் போறேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"செத்துட்டா யாருக்குக் காட்டறது, மடையா? அதான் உயிரோட இருக்கணும்னு சொல்றேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு வேறாக மாறியது. அத்தை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனார். நகரத்து ஆஸ்பத்திரியில் கேமரா வைத்துப் பார்த்தபோது குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தது. அது பக்கத்தில் எங்கும் பரவவில்லை. குடலில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார், அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அப்பாவின் ரத்தத்தில் எஃபிக்கு இருந்த அதே பழுது இருந்தது. கறுப்பு முடியும் அகல முதுகும் பெல்லி கொடுத்தது. இந்தச் சீட்டு மட்டும் தாத்தா ஏசா கொடுத்தது.

நானும் ரத்தம் கொடுத்தேன். அத்தை கூட வந்து நர்ஸைக் குழாய்ப் பெயரை ரெண்டு தடவை படிக்கவைத்தாள். என் முடி சிவப்பு இல்லை, காதும் சின்னது. எனக்கு அது இருக்கிறது. தம்பிக்கு இன்னும் வயது வரவில்லை, பெரியவனானதும் அவனே முடிவு செய்யட்டும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு இன்னும் சில வருடங்களில் கேமராப் பரிசோதனை தொடங்கும், பிறகு வாழ்நாள் முழுக்க. எங்கே வேலைக்குப் போனாலும் அதைச் செய்ய முடியும் என்றும் சொன்னார். முதலில் அழுதேன். பிறகு அப்பா உயிரோடு எதிரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார், அழுகை நின்றுவிட்டது.

ஆகஸ்ட்டில் அத்தை வாக்கைக் காப்பாற்றினாள். எங்களைத் தேவாலயத்துப் பக்கம் நடத்தி, கல்லறையில் நிற்கவைத்து, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்து, அப்பா மூச்சு வாங்கும்போதெல்லாம் காத்திருந்து, மேட்டின் பின்பக்கமாகக் கூட்டிப் போனாள். புதர் விலகியதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே தாத்தா ஏசாவின் கிணறு. மண்டை ஓடு வரைந்த பலகை. அதைச் சுற்றிலும் சதுப்பு முழுவதும் பேக்கப்பிள், மஞ்சளும் சிவப்புமாக, ஒரு தண்டுக்கு ஒரு பழமாக.

"விஷம்னு எழுதி வச்சிட்டு, இங்கேயே பறிச்சியா?" என்றார் அப்பா.

"நம்பித்தான் எழுதினேன், தண்ணியை நான் தொட்டதே இல்லை" என்றாள் அத்தை, பழத்தைப் பார்த்தபடி. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து பாத்தா இப்படிக் காய்ச்சிருக்கு. யாரும் வரலை. அப்புறம் அது வசதியா இருந்துச்சு."

"நான் அந்தப் பலகையை நம்பினேன்."

"தெரியும்." அவள் குரல் தேய்ந்தது. "நீ மட்டும் இல்லை. செஸ்லி பசங்க இன்னும் நம்பறாங்க. கிணத்துத் தண்ணி குடிக்கலை, எங்களுக்கு எதுக்கு ரத்தப் பரிசோதனைன்னு போன வாரம்தான் சொன்னாங்க. நானும் போய் எவ்வளவோ சொன்னேன். நீதானே எழுதி வச்சதுன்னு கேக்கறாங்க."

அப்பா நடந்து போய்ப் பலகையில் கை வைத்தார். "பிடுங்கிடவா?"

அத்தை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பலகை போனால் இந்த இடமும் போய்விடும். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதும் இங்கே நிற்கும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பிடுங்கு" என்றாள். பிறகு வாளியைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்தாள். "ஆனா பறிச்சு முடிச்சிட்டு."

மூன்று வாளியும் நிறையும்வரை பறித்தோம். அப்பாவுக்குத் தையல் போட்ட இடம் இழுத்தது, பலகையை அசைக்கக்கூட முடியவில்லை. நானும் அத்தையும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தோம். அதை அவள் அங்கேயே போடவில்லை. தோளில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தைச் சுற்றாமல், நேர் வழியாக ஊர் நடுவில் இறங்கி, செஸ்லி பெரியப்பாவின் பையன்கள் இருக்கும் வீட்டுக்குப் போனாள். அங்கே கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள்.